காளியாயியின் கைத்தராசும் ரத்தக் கணக்கும்

"தராசு பொய் சொல்லும். தராசைப் புடிச்சவன் பொய் சொல்லுவான். அதைச் செஞ்ச கம்பெனிக்காரனும் பொய் சொல்லுவான். என் கை மட்டும் சொல்லாது. சாகுற வரைக்கும் சொல்லாது!"

இந்த அறிவிப்பைக் காளியாயி வெளியிட்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால், மயில்கல்லுத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில், சுமார் எழுபது சாட்சிகள் முன்னிலையில். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற அந்தக் கொட்டகைக்கு அன்றைக்குத்தான் எலக்ட்ரோனிக் தராசு வந்திருந்தது. அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். தோட்டத்தை நடத்துகிற தொரை பொத்தானை அமுக்கியதும் சிவப்பு எழுத்தில் பூஜ்யம் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். காளியாயி மட்டும் அந்தப் பூஜ்யத்தை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு மெசின் எதற்கு என்பது அவளுடைய முதல் சந்தேகம்.

பிறகு தன் கொழுந்துச் சாக்கை வலது கையால் ஒரு தடவை தூக்கி இறக்கினாள். "பதினாறு கிலோ முன்னூறு" என்றாள். தராசில் வைத்தார்கள். பதினாறு கிலோ முன்னூறு. தொரை தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் மேற்படி அறிவிப்பு வந்தது. யாரும் மறுக்கவில்லை. மறுக்கக்கூடியவர்கள் ஏற்கெனவே மாற்றலாகிப் போயிருந்தார்கள்.

உடப்புசல்லாவை ஊர்ப் பக்கத்தில் பிறந்து, இருபது வயதில் நல்லமுத்துவைக் கட்டிக்கொண்டு கொட்டகலைக்கு மேலே இருக்கிற இந்தத் தோட்டத்துக்கு வந்தவள் காளியாயி. இப்போது வயது நாற்பத்தொன்பது. இடைப்பட்ட காலத்தில் அவள் பறித்த கொழுந்து எத்தனை டன் என்பதற்குக் கணக்கில்லை. களவில் பிடித்த கணக்கப்பிள்ளைகள் மூன்று பேர் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒருவர், தொங்கு தராசில் சாக்கு ஆடும்போது அடியில் முழங்காலைக் கொடுத்துத் தாங்கியவர். இரண்டாமவர், சாக்கின் நுனி தரையில் உரசும்போதே முள்ளை வாசித்தவர். மூன்றாமவர் சாக்குக்கும் மழைத் தண்ணிக்கும் என்று இரண்டு கிலோ கழிக்கிற வழக்கத்தை, பங்குனி வெயிலில் மூன்று கிலோவாக்கியவர். மூன்று தடவையும் காளியாயியின் கை சொன்னதுதான் சாட்சி. மூன்று தடவையும் அதுவே தீர்ப்பு.

இப்படிப்பட்ட கை போன வருஷக் கடைசியில் வீங்கியது.

முதலில் அவள் சந்தேகப்பட்டது துணி துவைக்கிற சவுக்காரத்தை. அடுத்து, பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி பார்த்த பார்வையை. அதற்கப்புறம் தேயிலை மலைக்கு அடித்த பூச்சிமருந்தை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை. சீப்பைப் பிடிக்க முடியவில்லை. மோதிரம் சதைக்குள் புதைந்து, கடைசியில் தச்சு வேலைக்காரர் ஒருவரின் சிறு வாளால் அறுக்க வேண்டியதாயிற்று. அறுத்த மோதிரத்தை அவர் திருப்பித் தந்தபோது அதையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு கொடுத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கேஷிகா என்கிற டொக்டர், கொட்டகலைக்காரர், ரத்தம் எடுக்கச் சொல்லி, மூட்டு மூட்டாக அமுக்கிப் பார்த்து, இது சரவாங்கி வாதம் என்றார்.

"யாரு செஞ்சது டொக்டர்?" என்று கேட்டாள் காளியாயி.

"யாரும் செய்யலம்மா. நம்ம உடம்புல கிருமியைப் புடிச்சு அடிக்கிறதுக்குன்னு ஒரு காவல் இருக்கு. அது ஆள் தெரியாம உங்க மூட்டையே கிருமின்னு சந்தேகப்பட்டு அடிக்குது."

காளியாயி தலையாட்டினாள். காவல் என்றிருந்தால் சந்தேகப்படத்தான் செய்யும். அதில் அவளுக்குப் பிழை ஒன்றும் தெரியவில்லை. மூட்டு ஏதாவது செய்திருக்கும்.

மாத்திரை தொடங்கியது. பங்குனி மாத ரிப்போட்டில் இ.எஸ்.ஆர். எழுபத்து நான்கு, சி.ஆர்.பி. நாற்பத்திரண்டு. உள்ளே எவ்வளவு எரிகிறது என்று ரத்தம் சொல்கிற கணக்கு இவை, குறையக் குறைய நல்லது என்று டொக்டர் விளக்கினார். காளியாயி இரண்டு எண்ணையும் மனசில் பதிந்துகொண்டாள். கணக்கு என்று ஒன்று இருந்தால் கழிக்கிறவன் என்று ஒருத்தனும் இருப்பான்.

அதே பங்குனியில் மடுவத்துக்குப் புதுக் கணக்கு ஆள் வந்தாள். கீழ் லயத்து வரிசை வீட்டுச் சர்மிளா. ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவள், இருபத்து நான்கு வயது. அந்தத் தோட்டத்தில் தராசுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை நின்றது அதுதான் முதல் தடவை. ஆறு மாசம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகத் தொரை சொல்லியிருந்தார். பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். காளியாயியும் சந்தோஷப்பட்டாள், ஒரு கண்ணால்.

வீக்கத்தால் சாக்கைத் தூக்கிப் பார்ப்பதை விட்டிருந்தவள் ஆவணி பிறந்ததும் மறுபடி தொடங்கினாள். அந்த ஒரு கண்ணும் சுருங்கியது.

"பதினாலு எண்ணூறு" என்றாள் சர்மிளா, காலை ஒன்பதரை நிறுவையில்.

காளியாயி நகரவில்லை. "ஏ புள்ள, மறுபடி பாரு. என் கையில பதினெட்டு."

"அத்தை, நீங்களே பாருங்க. இந்தா செவப்பா எழுதியிருக்கு."

"எழுதுறதுக்கு என்ன? சேவல் முட்டை போட்டுச்சுன்னுகூட எழுதலாம்."

வரிசையில் நின்ற தனுஷிகா குரல் கொடுத்தாள். "அக்கா, மழை இறங்குது. சண்டைய அந்திக்குப் போட்டுக்கங்க."

ஆனால் அந்தி நாலரை நிறுவையில் சண்டைக்கு வழியில்லாமல் போயிற்று. கை பன்னிரண்டு என்றது, தராசும் பன்னிரண்டு என்றது. அடுத்த நாள் காலை மூன்று கிலோ குறைந்தது, மாலையில் சரியாக இருந்தது. பதினொரு நாள் காளியாயி காம்பரா சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு வந்தாள். பதினொரு காலையும் களவு. பதினொரு மாலையும் யோக்கியம். முப்பது வருஷத் துப்பறியும் வாழ்க்கையில் இப்படி நேரம் தவறாத திருடியை அவள் கண்டதில்லை.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அழகனிடம் விஷயம் போனது. விசாரணை ஒன்றும் இல்லாமல் ஒரு வருஷமாக அவருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் முறைக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"காலையில மட்டும் ஏன் எடுக்குறா? எடுக்குறவ ரெண்டு நேரமும் எடுக்கலாமே?"

"அந்திக்கு நாங்க களைச்சுப் போயி வாறோம்ல. பாவம்னு விட்டுர்றாளோ என்னமோ."

இது அழகனுக்கு நியாயமாகப் பட்டது. தொரையிடம் போய்ச் சொன்னார். தொரைக்கு அந்தப் பதினாறு கிலோ முன்னூறு ஞாபகம் இருந்தது. "சனிக்கிழமை காலை நிறுவைக்கு நானே வாறன். காளியாயி தூக்கிச் சொல்லட்டும். தராசு வேற மாதிரி சொன்னா, அந்தப் புள்ளைக்கு இங்க வேலை இல்ல."

செவ்வாய்க்கிழமை செய்தி லயம் முழுக்கப் பரவியது. அன்று மாலையே சர்மிளா காளியாயி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அத்தை, சத்தியமா நான் எடுக்கல. எடுத்து நான் என்ன பண்ணப்போறேன், பச்சைக் கொழுந்தை?"

"எடுக்கலன்னு எடுத்தவங்கதான் மொதல்ல வந்து சொல்லுவாங்க."

"அப்ப வராம இருந்திருந்தா?"

"பயந்துக்கிட்டு வரலன்னு சொல்லியிருப்பேன்" என்றாள் காளியாயி, நேர்மையாக.

சர்மிளாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மாசக் கடைசியில எனக்கு நிரந்தரமாக்குறதாச் சொன்னாங்க அத்தை. இப்ப சனிக்கிழமையோட போயிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த நல்லமுத்து, "அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே" என்றார். மூஞ்சியை எந்தக் காலத்தில் நம்பினோம் என்ற பாவனையில் காளியாயி அவர் மூஞ்சியையே பார்த்தாள். அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஒளிந்துகொண்டார்.

வியாழக்கிழமை கிளினிக். விடியக்காலை பஸ்ஸில் போய் நம்பர் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்தாள். ரிப்போட் கைக்கு வந்தது. இ.எஸ்.ஆர். இருபத்தாறு. சி.ஆர்.பி. ஐந்து.

அன்றைக்குக் காலையில் அவளால் முந்தானையைச் செருக முடியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையை மாட்டிக்கொண்டு வந்தாள். அப்படியிருக்க ஐந்து! நாற்பத்திரண்டு இருந்த இடத்தில் ஐந்து!

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது டவுன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிதம்பரநாதன் முதலாளியின் மனைவி பூரணி. அவளுக்கும் இதே வியாதி. கை நிறைய வளையல் கலகலக்க, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எத்தனைங்க?" என்று காளியாயி எட்டிப் பார்த்தாள்.

"சி.ஆர்.பி. முப்பத்தெட்டாம். எனக்கு ஒண்ணும் பெரிசாத் தெரியல. காலையில கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நேத்துக்கூட முறுக்குப் பிழிஞ்சேன்."

காளியாயிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முறுக்குப் பிழிகிறவளுக்கு முப்பத்தெட்டு, சீப்புப் பிடிக்க முடியாதவளுக்கு ஐந்து. ஒன்று, குப்பியை மாற்றி வைத்துவிட்டார்கள். இல்லையென்றால், தோட்டத்து ரத்தம் என்று கண்டதும் தண்ணிக்குக் கழித்துவிட்டார்கள்.

உள்ளே போனதும் டொக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நோவே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியாதுன்னா பத்து. இன்னைக்கு உங்க நோவு எத்தனை?"

"பன்னெண்டு."

"பத்துக்குத்தானேம்மா கேட்டேன்."

"தெரியுங்க. எப்படியும் நீங்க ரெண்டு கழிப்பீங்க. அதான் சேத்துச் சொல்றேன்."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். காளியாயி ரிப்போட்டை மேசைமேல் தள்ளினாள். "இதுலயும் கழிச்சிருக்காங்க. நோவு கூடியிருக்கு, கணக்கு கொறைஞ்சிருக்கு. வெளியில ஒரு முதலாளியம்மா உக்காந்திருக்காங்க. அவங்க சொகம் என் ரத்தத்துல இருக்கு, என் நோவு அவங்க ரத்தத்துல இருக்கு."

கேஷிகா சிரிக்கவில்லை. அது காளியாயிக்குப் பிடித்திருந்தது.

"யாரும் கழிக்கலம்மா. மருந்து வேலை செய்யுது, அதனால உள்ள எரியுறது கொறைஞ்சிருக்கு. ரத்தம் அதை மட்டுந்தான் சொல்லும். முன்னாடி எரிஞ்சப்ப மூட்டுல ஏற்பட்ட சேதத்தைச் சொல்லாது. நீங்க தூங்குனீங்களா, குளிர்ல எத்தனை மணி நேரம் நின்னீங்க, அதையும் சொல்லாது. கணக்கு ஏறினா நோவு ஏறும்னு சட்டம் இல்ல. சில பேருக்கு ரெண்டும் சேர்ந்து போகும், சில பேருக்குப் போகாது."

"அப்ப எதை நம்புறது?"

"ஒண்ண மட்டும் நம்புனா நான் ஏமாந்துருவேன். அதான் ரத்தத்தையும் பாக்குறேன், மூட்டையும் அமுக்கிப் பாக்குறேன், உங்களையும் கேக்குறேன். ஒண்ண வச்சு இன்னொண்ணைச் சோதிக்கிறேன்."

காளியாயி டொக்டரை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தாள். யாரையும் தனியாக நம்பாத இன்னொரு பெண்பிள்ளையை இந்த உலகத்தில் சந்திப்போம் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"சரி, காலையில எந்திரிச்சா எத்தனை மணி வரைக்கும் கை விறைப்பா இருக்கும்?" என்று டொக்டர் கேட்டார்.

"பத்து, பத்தரை வரைக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இளகிரும். அந்திக்கு நல்லாருக்கும்."

டொக்டர் கொப்பியில் எழுதினார். காளியாயி அதைத் தலைகீழாக வாசிக்க முயன்றாள். எழுத்து டொக்டர் எழுத்தாக இருந்ததால் தப்பித்தது.

வெளியே பூரணி காத்திருந்தாள். நோவு குறைவாக இருந்தாலும் தன்னுடைய மருந்தைக் கூட்டிவிட்டார்கள் என்று குறைப்பட்டாள். பிறகு, "நம்ம கடைக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அழைத்தாள். சும்மா ஒரு தேத்தண்ணி எதற்கு என்று காளியாயி யோசித்தபடியே குடித்தாள். வந்ததற்கு ஐந்து கிலோ கோதுமை மாப் பை ஒன்று வாங்கினாள். பையைத் தூக்கியதும் நின்றுவிட்டாள்.

மணி அப்போது ஒன்பதே கால்.

"முதலாளி, இது எத்தனை கிலோ?"

"அஞ்சு. மேல எழுதியிருக்கே. கம்பெனி சீல்" என்றார் சிதம்பரநாதன்.

"ஏழு இருக்கே."

சிதம்பரநாதன் கல்லாப்பெட்டியை விட்டு எழுந்தே விட்டார். "ஏழு கிலோவை அஞ்சுன்னு விக்கிறதுக்கு எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

இந்தப் பதில் காளியாயியைக் கலக்கியது. உலகத்தில் அவள் சந்தேகப்படாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: எந்த முதலாளியும் கூட்டிக் கொடுக்க மாட்டான்.

பையை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படி மூலையில் வைத்தாள். மாலை ஐந்து மணிக்குத் தற்செயலாகத் தூக்கினாள். ஐந்து கிலோ.

"ரெண்டு கிலோ மாவு எங்க?" என்றாள்.

நல்லமுத்து ரேடியோவிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னது?"

"காலையில ஏழு இருந்துச்சு. வீட்டுல உங்களத் தவிர யாரு இருந்தா?"

"அடியேய், சீல் பிரிக்காத பை. நான் மாவைத் தின்னுட்டுப் பையத் தச்சு வச்சேனா?"

காளியாயி தையலைத் தடவிப் பார்த்தாள். கம்பெனித் தையல். எலி கடித்த ஓட்டையும் இல்லை. பையை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அலுமாரியைத் திறந்து தூக்கினாள். ஏழு. ஏழுக்கு மேலேயே இருக்கும்.

இரவோடு இரவாக இரண்டு கிலோவைத் திருடன் திருப்பி வைப்பானா? சந்தேகத்துக்குரியவர்கள் பட்டியல் மிக வேகமாகக் குறைந்தது. நல்லமுத்து இரண்டு கிலோ மாவைத் திருடக்கூடியவர்தான், திருப்பி வைக்கக்கூடியவர் இல்லை. அடுத்துப் பனியைச் சந்தேகப்பட்டாள். விடியக்காலைக் கொழுந்து பனியில் நனைந்து கனப்பது போல மாவும் தண்ணி குடித்திருக்கலாம். ஆனால் பை காய்ந்துதான் இருந்தது. அன்று மாலை வேலை முடிந்து வந்து மறுபடி தூக்கினாள். ஐந்து.

நல்லமுத்து கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடி, இன்னைக்கு நான் எத்தனை கிலோ தின்னேன்?"

காளியாயி பையைக் கீழே வைத்தாள். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்கச் சொன்ன டொக்டரின் குரல் காதில் இருந்தது. சுவரில் போட்ட கரிக்கோடுகளைப் பார்த்தாள். பதினொரு காலை, பதினொரு மாலை. மாவுப் பையைப் பார்த்தாள். பிறகு, மிச்சமிருந்த ஒரே சந்தேக நபரைப் பார்த்தாள். அது அவள் மடியில்தான் கிடந்தது. முட்டிகள் வீங்கி, சுண்டுவிரல் ஒரு பக்கம் சாய்ந்து, முப்பது வருஷ நல்ல பெயரோடு.

நெடுநேரம் அதை விசாரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் நோவுக்கு ஒரு கணக்கு, ரத்தத்துக்கு ஒரு கணக்கு என்று சண்டை போட்டவளுக்கு, தன் கையிலேயே இரண்டு கணக்கு இருப்பது தெரிய வந்தால் எளிதாக இருக்குமா? நல்லமுத்து ரொட்டி தட்டட்டுமா என்று கேட்டார். மாவைத் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னாள். அவர் பக்கத்துக் காம்பராவில் ஒரு கோப்பை மாவு வாங்கி வந்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை. மடுவத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் போல எல்லோரும் நின்றார்கள். தொரை வந்திருந்தார். தலைவர் அழகன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சர்மிளா தராசுக்குப் பின்னால் நின்றாள். அழுது முடித்த முகம்.

காளியாயி இரண்டு சாக்கோடு வந்தாள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியதை ஓரமாக வைத்துவிட்டுச் சிறியதை முன்னால் கொண்டுவந்தாள். வாய் கட்டியிருந்தது.

"இவ்வளவு கொஞ்சமாவா?" என்றார் அழகன், ஏமாற்றத்தோடு.

"சோதனைக்கு இது போதும் தலைவரே."

"சரி காளியாயி, தூக்கிச் சொல்லு" என்றார் தொரை.

வலது கையால் தூக்கினாள். முகம் சுளித்தது. அன்றைக்குப் பனி கடுமை. வேண்டுமானால் ஐந்து என்று சொல்லியிருக்கலாம். தெரிந்துதான் இருந்தது. கை சொன்னதையே, கூட்டாமல் கழிக்காமல், எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"ஏழரை."

சர்மிளா சாக்கைத் தராசில் வைத்தாள். சிவப்பு எழுத்து ஓடி நின்றது. ஐந்து கிலோ இருநூறு.

மடுவம் கொதித்தது. "பாத்தீங்களா! இந்தச் சின்னச் சாக்குலயே ரெண்டு கிலோவுக்கு மேல!" என்று அழகன் தொரை பக்கம் திரும்பினார். "கையும் களவுமா மாட்டிக்கிட்டா!" தனுஷிகாகூட "அடிப்பாவி" என்றாள். சர்மிளா தராசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

காளியாயி அவசரப்படவில்லை. சாக்குக் கயிற்றை விரல்களால் அவிழ்க்க முடியாமல் பல்லால் அவிழ்த்தாள். அந்த இருநூறு கிராம் சாக்குக்குள் கையை விட்டு, சீல் பிரிக்காத கோதுமை மாப் பையை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். பையில் அச்சடித்திருந்த பெரிய ஐந்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தாள்.

தொரை பையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், கடைசியாக அந்தக் கையைப் பார்த்தார். அழகன் வெள்ளைச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"விசாரணை முடிஞ்சுது" என்றார் தொரை. "நிறுவையைத் தொடங்குங்க."

காளியாயி ஓரத்தில் வைத்திருந்த தன் கொழுந்துச் சாக்கை எடுக்கப் போனாள். தனுஷிகா ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தாள். இரண்டு பேருமாக இழுத்து வந்து, தூக்கிப் பார்க்காமல், நேராகத் தராசில் வைத்தார்கள்.

"பதிமூணு நானூறு, அத்தை" என்றாள் சர்மிளா.

"எழுதிக்க" என்றாள் காளியாயி. சிவப்பு எழுத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.